குடிநோய்க்கான மருந்துகள்: எந்தக் கட்டத்தில் எது, எவ்வளவு, எங்கே தவறு நடக்கிறது

கதிரொளி
"குடியை நிறுத்த நல்ல மாத்திரை ஒண்ணு சொல்லுங்க" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றை வரியில் பதில் சொன்னால் ஆபத்து. அந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. குடியை நிறுத்திய முதல் சில நாட்களை உயிர்ச்சேதம் இல்லாமல் தாண்டுவது ஒன்று. அதன்பிறகு மாதக்கணக்கில் குடிக்குத் திரும்பாமல் இருப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு நரம்பின் பதற்றத்தை அடக்கும் டயஸிபாம் வகை மருந்துகளும் தயமினும் (வைட்டமின் பி1). இரண்டாவதற்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம். இவை ஒத்துவராதபோது பாக்லோஃபென், டோபிராமேட், கபாபென்டின்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்துவிட்டு ஃபிட்ஸ் வராது என்று நம்புகிறார்கள். அது ஃபிட்ஸைத் தடுக்கும் மருந்தே இல்லை. இன்னொரு பக்கம், குடியை விட்டு ஆறு மாதம் ஆன ஆளுக்கு டயஸிபாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பழக்கம் போய் இன்னொன்று வந்துவிட்டது.

மருந்தும் அளவும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். படிப்பவர்கள் இதை மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துங்கள், கடையில் நேராக வாங்கி விழுங்குவதற்கு அல்ல.

இரவுப்பணி
முதல் கட்டத்தைப் பற்றி நான் எழுதறேன். கடிகாரம் கடைசியாக் குடிச்ச நேரத்துல இருந்து ஓட ஆரம்பிக்குது. 6 மணி நேரத்துக்குள்ளயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு வரலாம். ஃபிட்ஸ் பெரும்பாலும் 6-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள. ஆள் இடம் தெரியாம, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கிட்டு, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறிக்கிடக்கிற டெலிரியம் ட்ரெமன்ஸ் 48-லிருந்து 96 மணி நேரத்துல. "ரெண்டு நாள் நல்லாத்தானே இருந்தாரு" அப்படின்னு வீட்டுல சொல்றது இதனாலதான். ரெண்டாம் நாள் அமைதியா இருந்தார்ங்கிறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

நடுக்கத்தை எப்படிப் பார்க்கறதுன்னு சொல்றேன், ஏன்னா நிறையப் பேர் சும்மா கையைப் பார்த்துட்டு "இல்லை"ன்னு எழுதிடறாங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா, உங்க விரல்நுனியை அவங்க விரல்நுனியோட ஒட்டி வைங்க. கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் அங்க தட்டுப்படும். குடி நிறுத்தினதால வர்ற அறிகுறிகளை அளக்கற சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோல்ல அதுக்கு 1. கையை நீட்டினா நல்லாத் தெரிஞ்சா 4. கையை நீட்டாமலே ஆடுச்சுன்னா 7. இந்த மாதிரி 10 விஷயம் பார்த்து மொத்தம் 67-க்கு மதிப்பெண் போடணும். 8-க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. 15-ஐத் தாண்டினா கண்ணை எடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: அந்த அளவுகோல் பேசிப் பதில் சொல்லக்கூடிய ஆளுக்குத்தான். மூச்சுத்திணறலோ, தலையில அடியோ, தொற்றுக் காய்ச்சலோ இருந்தா மதிப்பெண் ஏறும். ஆனா காரணம் குடி நிறுத்தினது இல்லை. எண்ணைப் பார்த்து டயஸிபாம் மேல டயஸிபாம் போட்டா உண்மையான நோய் மறைஞ்சு போயிடும்.

மாத்திரைப்பெட்டி
இரவுப்பணி அக்கா சொன்னதோடு மருந்துத் தேர்வைச் சேர்க்கிறேன். நிலையான அட்டவணை என்றால் டயஸிபாம் வகையைச் சேர்ந்த குளோர்டயஸிபாக்ஸைடு 20 முதல் 30 மி.கி. தினம் 4 வேளை என்று தொடங்கி, 5 முதல் 7 நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். கடுமையாகக் குடித்தவர்களுக்குத் தொடக்க அளவு கூடும். அறிகுறி வந்தால் மட்டும் கொடுக்கும் முறையில் மொத்த மருந்து குறைவாகச் செலவாகும், சிகிச்சை நாளும் குறையும். ஆனால் அளவுகோலை மணிக்கணக்கில் சரியாகப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நிலையான அட்டவணையே பாதுகாப்பு.

கல்லீரல் பழுதானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதே வகையில் லோராஸிபாம். காரணம் எளிது. டயஸிபாமும் குளோர்டயஸிபாக்ஸைடும் கல்லீரலில் ஆக்சிஜனேற்றம் ஆகி, வேலை செய்யும் துணைப்பொருட்களாக மாறி, நாட்கணக்கில் உடம்பில் தங்கும். பழுதான கல்லீரலில் அது குவிந்துகொண்டே போகும். மூன்றாம் நாள் ஆளை எழுப்ப முடியாது. லோராஸிபாம் அந்த வழியில் போவதில்லை, குளுக்குரோனைடு என்ற வேலை செய்யாத பொருளாக மாறி வெளியேறிவிடும்.

தயமின் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வாய்வழித் தயமின் குடிப்பவர்களின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. தயமின் குறைவால் மூளையைத் தாக்கும் வெர்னிக்கே நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, நரம்புவழி 500 மி.கி. தினம் 3 வேளை, இரண்டு மூன்று நாட்களுக்குக் கொடுப்பது பரவலான நடைமுறை. குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் பலருக்கு நேரம் கடந்துவிடும். மூன்றும் ஒன்றாக வருவது குறைவு. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் போக வேண்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் தயமினுக்காகக் குளுக்கோஸை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஓரிலை
குடும்பங்கள் எங்களிடம் கேட்பதை அப்படியே வைக்கிறேன். "வீட்டிலேயே நிறுத்த முடியாதா? ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்." யாருக்கு வீடு போதும், யாருக்குப் போதாது என்று தெளிவாகச் சொன்னால் அந்தப் பதிலை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

இரவுப்பணி
வீடு வேணாம்னு சொல்றதுக்கு ஒரே ஒரு காரணம் இருந்தாலும் போதும். முன்னாடி ஒரு தடவை குடி நிறுத்தினப்ப ஃபிட்ஸ் வந்திருக்கு, இல்லேன்னா டெலிரியம் வந்திருக்கு. கர்ப்பம். முற்றின கல்லீரல் நோய். தூக்க மாத்திரையோ வேற போதை மருந்தோ சேர்த்து எடுக்கறார். தற்கொலை எண்ணம். வீட்டுல ராத்திரியும் பகலும் கூட இருக்க ஆள் இல்லை. இதுல எது இருந்தாலும் படுக்கை வசதியோட உள்ள இடம்தான்.

இதெல்லாம் இல்லாம, மதிப்பெண்ணும் குறைவா இருந்தா, தினமும் ஒருத்தர் வந்து பார்க்க, மாத்திரை நோயாளி கையில இல்லாம வீட்டு ஆள் கையில ஒரு நாளைக்கு ஒரு நாளாக் கொடுக்க, வீட்டுலயே செய்யலாம். டயஸிபாம் எடுத்துட்டு மேல குடிச்சா மூச்சு அடங்கிடும். அதனால குடிச்சிருந்தா அன்னைக்கு டோஸ் கொடுக்காம, மருத்துவரைக் கூப்பிடணும்.

ஒவ்வொரு தடவையும் குடிச்சு, நிறுத்தி, குடிச்சு, நிறுத்தின ஆளுக்கு அடுத்த தடவை நிறுத்தும்போது ஃபிட்ஸ் வரும் வாய்ப்பு கூடிக்கிட்டே போகும். போன தடவை ஒண்ணும் ஆகலைங்கிறது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொண்ணு. மருத்துவரைப் பார்க்க ரெண்டு மூணு நாள் ஆகும்னா, தினமும் நிறையக் குடிக்கிற ஆளை "இன்னைக்கே நிறுத்து"ன்னு பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டாதீங்க. திடீர் நிறுத்தம்தான் ஆளைக் கொல்லுது. உதவி கிடைக்கிறவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கட்டும்.

கதிரொளி
இனி இரண்டாம் கட்டம். 2023-ல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் குடிநோய்க்கென்று சேர்த்தது. முதல் வரிசை மருந்துகள் இந்த இரண்டும்தான்.

நால்ட்ரெக்ஸோன் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை (மார்ஃபின் வகைப் பொருட்கள் வந்து ஒட்டும் இடங்களை) அடைக்கிறது. குடித்ததும் கிடைக்கும் அந்தச் 'சுகம்' மங்கிவிடும். ஒன்று ஐந்தாகும் இடத்தில் ஒன்றோடு நிற்கும் வாய்ப்பு வரும். வழக்கமான அளவு தினம் 50 மி.கி. குமட்டல்தான் முதல் வாரத்தில் ஆட்களை விரட்டுகிறது. அதனால் 25 மி.கி. வீதம் சில நாட்கள், சாப்பாட்டோடு சேர்த்துத் தொடங்கினால் பலர் தாக்குப்பிடிக்கிறார்கள். முழுதாகக் குடியை நிறுத்தியபின்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பலன் எவ்வளவு என்று நேராகச் சொல்லிவிட வேண்டும், மிகைப்படுத்தினால் ஒரு மாதத்தில் ஏமாந்து விட்டுவிடுவார்கள். 2023-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒருவர் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தடுக்க 11 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. கொடுக்க வேண்டும். அகாம்ப்ரோசேட்டில், ஒருவர் ஒரு சொட்டுக்கும் திரும்பாமல் இருக்க 11 பேருக்கு. மற்ற நாட்பட்ட நோய்களுக்கு நாம் தயங்காமல் எழுதிக்கொடுக்கும் பல மருந்துகளோடு ஒப்பிட்டால் இது நல்ல எண். ஆனால் மந்திரம் இல்லை.

மாத்திரைப்பெட்டி
நால்ட்ரெக்ஸோனில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால் பெரிய விபத்து: ஓபியாய்டு எதையாவது எடுக்கிறாரா? ட்ரமடால் வலி மாத்திரை, கோடீன் இருமல் மருந்து, புப்ரினார்ஃபின் எல்லாமே கணக்கில் வரும். "போதை மருந்து எடுக்கறீங்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், முதுகுவலிக்கு ட்ரமடால் ஓடிக்கொண்டிருக்கும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 7 முதல் 10 நாள் (புப்ரினார்ஃபின் என்றால் 14 நாள்வரை) இடைவெளி இல்லாமல் நால்ட்ரெக்ஸோன் போட்டால் சில நிமிடங்களிலிருந்து கடுமையான ஓபியாய்டு விலகல் நோய் பிடித்துக்கொள்ளும். வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி என்று ஆள் சுருண்டுவிடுவார். அதன்பின் இந்த மருந்தின் பக்கமே வரமாட்டார்.

தினம் மாத்திரை எடுக்க மறப்பவர்களுக்கு 380 மி.கி. ஊசி, 4 வாரத்துக்கு ஒருமுறை, இடுப்புச் சதையில், பக்கம் மாற்றி மாற்றி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கலக்குவதற்கு முன் சுமார் 45 நிமிடம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சதையில் போகாமல் கொழுப்பில் இறங்கினால் அந்த இடம் கட்டியாகி, சில சமயம் அழுகும். அதனால் உடல்வாகுக்கு ஏற்ற நீளமான ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடும் கல்லீரல் அழற்சியிலும் கல்லீரல் செயலிழப்பிலும் வேண்டாம். தொடங்கும்முன் ஒரு கல்லீரல் சோதனை, பிறகு இடையிடையே.

தாழை
கதிர் சார் மருந்துகளைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "முழு நிறுத்தம் கட்டாயம் இல்லை" என்ற வரியை அப்படியே விட்டுவிடக் கூடாது. இலக்கு எது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கல்லீரல் சுருங்கிய ஆளுக்கு, கணையம் வீங்கிய ஆளுக்கு, கர்ப்பிணிக்கு, 'குறைத்துக்கொள்கிறேன்' ஒரு இலக்கே அல்ல.

மற்றவர்களில் குறைப்பதையே முதல் படியாக ஏற்பவர்கள் சிகிச்சையில் தங்குகிறார்கள். "நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கூடாது, சம்மதமா?" என்று முதல் நாளே மிரட்டினால் இரண்டாம் சந்திப்புக்கு வரமாட்டார்கள். குடிக்கப் போவதாகத் தெரிந்தால் அதற்கு 1 மணி நேரம் முன் நால்ட்ரெக்ஸோன் எடுப்பதும், ஐரோப்பாவில் 2013-ல் அனுமதிக்கப்பட்ட நால்மெஃபீன் 18 மி.கி. மாத்திரையும் இந்த வழியில் வருபவை.

ஆலோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ல் வெளிவந்த கம்பைன் என்ற அமெரிக்க ஆய்வில் 1,383 பேர், 16 வாரம். நால்ட்ரெக்ஸோனோடு ஒன்பது குறுகிய மருத்துவச் சந்திப்புகள் மட்டும் பெற்றவர்களும் நன்றாகத் தேறினார்கள். முதல் சந்திப்பு முக்கால் மணி, பிறகு சுமார் 20 நிமிடம் வீதம். மருந்து எடுத்தீர்களா, எந்த நாள் தவறியது, ஏன், அந்த நாளில் யாரோடு இருந்தீர்கள் என்று கேட்பதுதான் அந்தச் சந்திப்பு. சிறப்பு உளவியல் நிபுணர் கிடைக்கவில்லை என்று மருந்தையே தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

கதிரொளி
தாழை, இலக்கை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்த வரியை நான் மொட்டையாக விட்டிருக்கக் கூடாது. அதே கம்பைன் ஆய்வில் அகாம்ப்ரோசேட் பலன் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளில் காட்டியது. முன்கூட்டியே விலகல் சிகிச்சை (மேலே சொன்ன முதல் கட்டம்) முடிந்து, சில நாளாவது குடிக்காமல் இருந்தவர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது என்பதே இந்த வித்தியாசத்துக்கு எனக்குத் திருப்தி தரும் விளக்கம்.

மாத்திரைப்பெட்டி
அகாம்ப்ரோசேட்டின் பலம், கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுவது. பலவீனம், எண்ணிக்கை. 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு 2, தினம் 3 வேளை. வாரத்துக்கு 42 மாத்திரை. மதிய டோஸ்தான் தவறும், கிட்டத்தட்ட எப்போதும். காலையிலேயே மதிய இரண்டையும் தனிச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கைபேசியில் மணி வையுங்கள். மாத்திரையின் மேலுறை குடலில் கரையும்படி செய்தது; உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்காமல் தொடங்காதீர்கள். அதிலிருந்து கணக்கிடும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 முதல் 50 மி.லி. என்றால் வேளைக்கு 1 மாத்திரை. 30-க்குக் கீழே என்றால் கொடுக்கவே கூடாது. வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலும் தானே அடங்கும். ரத்தத்தில் நிலையான அளவு வர ஒரு வாரம்போல ஆகும், அதனால் மூன்றாம் நாள் "ஒண்ணும் தெரியலை" என்றால் அது மருந்தின் தோல்வி அல்ல. ஒரு நாள் குடித்துவிட்டாலும் மாத்திரையைத் தொடர வேண்டும். இதை எழுதியே கொடுங்கள். "குடிச்சிட்டேன், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பதுதான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

ஓரிலை
எப்படியும் வரப்போகும் கேள்வி இது, நானே கேட்டுவிடுகிறேன். டைசல்ஃபிராமைச் சாப்பாட்டிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுக்கலாமா? கடைக்காரரே அப்படிக் கொடுக்கச் சொன்னதாக வீடுகளில் சொல்கிறார்கள்.

கதிரொளி
கூடாது. எந்த நிலையிலும் கூடாது. ஏன் என்று விளக்குகிறேன், வெறும் தடை சொன்னால் கேட்கமாட்டார்கள்.

சாராயம் (ஆல்கஹால்) உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும், பிறகு அது அசிட்டேட்டாகும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது படியின் நொதியை முடக்குகிறது. குடித்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி, 10 முதல் 30 நிமிடத்தில் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இந்த மருந்து குடிவேட்கையைக் குறைப்பது இல்லை. "குடித்தால் இது வரும்" என்ற அறிவுதான் அதன் மருத்துவப் பலன் முழுவதும். ஆளுக்கே தெரியாவிட்டால் அந்தப் பலன் பூஜ்யம், ஆபத்து மட்டும் முழுதாக மிச்சம். வழக்கம்போல் நிறையக் குடிப்பார். இதய நோய் இருந்தால் அங்கேயே முடிந்துவிடலாம். தெரிய வந்தால், பிறகு அந்த வீட்டில் யார் கொடுக்கும் எந்த மருந்தையும் நம்பமாட்டார்.

சரியாகப் பயன்படுத்தினால் நல்ல மருந்துதான். எழுத்தில் சம்மதம். கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம். தினம் 250 மி.கி., காலையில், வீட்டிலுள்ள ஒருவர் கண்முன்னே. மேற்பார்வை இல்லாமல் கொடுத்த டைசல்ஃபிராம் மேசை இழுப்பறையில்தான் தூங்கும். நிறுத்தியபின் 14 நாள்வரை வினை வரலாம். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், சவரத்துக்குப் பின் பூசும் திரவம், கை சுத்திகரிப்பான் எல்லாவற்றிலும் சாராயம் இருக்கலாம்.

கல்லீரல் சோதனையை முன்பும், தொடங்கிய 2 வாரத்திலும் பாருங்கள். மஞ்சள் காமாலை, பசியின்மை, அடர் நிறச் சிறுநீர் தெரிந்தால் அன்றே நிறுத்தம். கடும் இதய நோய், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வேண்டாம். மெட்ரோனிடசோலோடு சேர்த்தால் மனக்குழப்பம் வரும். வார்ஃபரின், ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவு ரத்தத்தில் ஏறும்.

வேலி
கல்லீரல் சுருக்கம் வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று யாரும் தொடவில்லை. டைசல்ஃபிராம் போச்சு, நால்ட்ரெக்ஸோனுக்குத் தயக்கம். அங்கே பாக்லோஃபென்தான். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் சுருக்கம் உள்ள 84 பேர், 10 மி.கி. தினம் 3 வேளை, 12 வாரம். குடிக்காமல் இருந்தவர்கள் பாக்லோஃபென் குழுவில் 71 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 29. முதல் 3 நாள் 5 மி.கி. வீதம், பிறகு 10. பிரான்ஸ் 2018-ல் குடிநோய்க்கென்றே இதை அனுமதித்தது, உச்சவரம்பு தினம் 80 மி.கி.

மாத்திரைப்பெட்டி
வேலி, அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் பிந்தைய ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் இல்லை, அந்த 71-ஐ வாக்குறுதிபோல் சொல்லவேண்டாம். கல்லீரல் நோயால் ஏற்கெனவே மூளை மந்தமாகிறவருக்கு பாக்லோஃபென் மந்தத்தைக் கூட்டும். குடும்பத்துக்கு அது குடித்ததுபோலவே தெரியும். சிறுநீரகம் பழுதென்றால் சாதாரண அளவே நஞ்சாகும். திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸும் மனக்குழப்பமும் வரும், ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரை தீரும்முன் அடுத்த அட்டை கையில் இருப்பது இந்த மருந்தில் மிக முக்கியம். சுருக்கம் மிதமாக இருந்து சிறுநீரகம் நன்றாக இருந்தால் அகாம்ப்ரோசேட்டையும் மறந்துவிடாதீர்கள்.

வேலி
சிறுநீரகம் பற்றிச் சொன்னது சரி. சுருக்கம் முற்றியவர்களில் பலருக்குக் கிரியேட்டினின் நன்றாகத் தெரிந்தாலும் சதை வற்றிப்போனதால்தான் அப்படி. அந்த எண்ணை நம்பி அளவை ஏற்றக்கூடாது. நான் அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

தாழை
டோபிராமேட், கபாபென்டின் பற்றிச் சுருக்கமாக. டோபிராமேட் 25 மி.கி.யில் தொடங்கி வாரம் 25 முதல் 50 வீதம் ஏற்றி 200 முதல் 300 வரை போகலாம். அவசரப்பட்டால் வார்த்தை நாக்கில் வராது, விரல் மரத்துப்போகும். கண்ணில் திடீர் வலியும் மங்கலும் என்றால் கண் அழுத்தம், அன்றே நிறுத்திக் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவருக்கும் கருத்தரிக்கக்கூடியவருக்கும் கவனம். கபாபென்டின் உறக்கமும் பதற்றமும் தொந்தரவு செய்பவர்களுக்கு உதவும், ஆனால் அதையே அள்ளி விழுங்குபவர்கள் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை மட்டும் கையில் கொடுங்கள்.

உறக்கத்தைப் பற்றி முன்னாலேயே எச்சரித்துவிடுங்கள். குடியை விட்டபின் பல வாரம் தூக்கம் உடைந்து உடைந்துதான் வரும். "குடிச்சாத்தான் தூக்கம்" என்று சறுக்குவது அங்கேதான். இது எதிர்பார்த்ததே, குறையும் என்று முதல் நாளிலேயே தெரிந்தவர் தாங்கிக்கொள்கிறார்.

ஓரிலை
கடைசியாக இரண்டு: எவ்வளவு நாள் எடுக்க வேண்டும், நிறுத்துவது எப்படி? ஆபரேஷன் வந்தால் என்ன செய்வது?

மாத்திரைப்பெட்டி
பலன் தெரிந்தால் குறைந்தது 6 மாதம், பலர் 12 மாதமும் அதற்கு மேலும். தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தும் அதே அளவு குடி தொடர்ந்தால், மாத்திரையை உண்மையில் எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். எடுத்தும் பலனில்லை என்றால் மருந்தை மாற்றுங்கள். குடித்தாரா என்பதில் வாய்ச்சொல்லும் ஜி.ஜி.டி. (குடியால் ஏறும் கல்லீரல் நொதி) எண்ணும் முரண்பட்டால், குடித்ததன் தடயத்தைக் காட்டும் பெத் ரத்தச் சோதனை 2 முதல் 4 வாரக் கதையைச் சொல்லும். அதை மாட்டிவைக்கும் ஆயுதமாக்காமல், முன்பே சொல்லிவிட்டு எடுங்கள்.

நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தலாம். பாக்லோஃபென், டோபிராமேட், கபாபென்டின் மூன்றையும் படிப்படியாகத்தான்.

ஆபரேஷன் திட்டமிட்டது என்றால் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசி என்றால் கடைசி ஊசியிலிருந்து 4 வாரம். விபத்துக்கு நாள் குறிக்க முடியாது. அதனால் பணப்பையில் ஒரு அட்டை: "நால்ட்ரெக்ஸோன் எடுக்கிறேன், மார்ஃபின் வகை வலி மருந்து வேலை செய்யாது, வேறு முறையில் வலி நீக்கவும்", மருந்தின் அளவு, கடைசியாக எடுத்த தேதி. ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் அந்தத் தேதியை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.